பிக்கப்பை மாற்றும் முன்: மலையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஆடி மாதத்தில், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிட்டாரின் விலை 38,000 ரூபாய். வாங்கிய ஆறாம் மாதமே மேலும் 14,000 ரூபாய் செலவழித்துப் புதிய பிக்கப்புகளையும், அதாவது கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் காந்தச் சுருள்களையும், பொருத்தியிருந்தார். "பிக்கப் மாத்தியும் சுருதி நிக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்றார். மூன்றாவது கம்பியின் முறுக்காணியை மெல்லத் திருப்பினேன், சுருதி ஏறவில்லை. இன்னும் சற்றுத் திருப்பியதும், தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகள் அமரும் காடியிட்ட பட்டையான நட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சிறு ஓசை எழுந்தது, சுருதி ஒரேயடியாகத் தாண்டிப் போனது. கிட்டார் 9 கேஜ் கம்பிகளோடு வந்திருக்கிறது. அவர் அதைவிடச் சற்றுத் தடித்த 10 கேஜ் மாட்டியிருக்கிறார். நட்டில் உள்ள காடி புதிய கம்பிக்கு இடம் கொடுக்காமல் கவ்விப் பிடிக்கிறது. காடியை அரத்தால் சற்று அகலப்படுத்தி, பென்சில் கரியைத் தேய்த்துக் கொடுத்தேன். இருபது நிமிட வேலை, கூலி 400 ரூபாய். அவருடைய சுருதி நிற்காததற்குப் பிக்கப் காரணமே இல்லை என்பதை அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படி வருகிறவர்கள் பலர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். 30,000 முதல் 80,000 ரூபாய் வரையிலான கிட்டார்களை நடுத்தர விலைக் கிட்டார்கள் என்று நான் கணக்கிடுகிறேன். இன்று இந்த விலையில் வருபவற்றின் மரமும் உலோகமும் பெரும்பாலும் குறை சொல்ல முடியாத தரத்தில் இருக்கின்றன. விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காகத் தொழிற்சாலைகள் சிக்கனம் பிடிப்பது மனித உழைப்பு அதிகம் தேவைப்படும் இடங்களில்தான்: நட்டில் காடி வெட்டுவது, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளைச் சமன்செய்து முனைகளை மழுக்குவது, கம்பியின் உயரத்தை முறையாக அமைப்பது. ஆகவே இந்தக் கிட்டார்களை மேம்படுத்த நினைப்பவர் முதலில் கொடுக்க வேண்டியது, நல்ல கைவினைஞர் ஒருவரிடம் இந்த வேலைகளையெல்லாம் சேர்த்துச் செய்யும் முழுமையான செட்டப்புக்கான கூலியை. உதிரிபாகம் வாங்குவதெல்லாம் அதன் பிறகு.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளைத் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் நனைக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறுகின்றன. தை மாதத்தில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் பகல் காற்று வறண்டு உதட்டை வெடிக்கச் செய்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் விரிகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. நீளவாக்கில் அதன் மாற்றம் மிகக் குறைவு. வறண்ட மாதங்களில் விரல்பலகை அகலத்தில் சுருங்கும்போது, சுருங்காத உலோக ஃபிரெட்டுகளின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையை அறுப்பதற்கு இதுவே காரணம். "வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது, இப்போது கை கிழிகிறது" என்று மாசி மாதத்தில் வருபவர்களுக்கு ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் வேண்டாம்; முனைகளை அரத்தால் ஒருமுறை தேய்த்தால் பெரும்பாலும் தொந்தரவு தீர்ந்துவிடும்.

நெக்கின், அதாவது விரல்பலகையைத் தாங்கும் கழுத்துப் பகுதியின், வளைவைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கம்பிகளின் இழுவையை எதிர்த்து நிற்பதற்காக நெக்குக்குள் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. டிரஸ் ராட் என்பது அதுதான். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ 1923ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது அல்லது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு இருந்தால் போதும். கம்பி ஃபிரெட்டிலேயே படிந்து கிடந்தாலோ இடைவெளி அதற்கு மேல் அகன்றிருந்தாலோ ராடைத் திருப்ப வேண்டும்; ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது, திருப்பியபின் நெக் படிவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சாவி பொருந்தாமல் நழுவினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உட்புறம் தேய்ந்து உருண்டுபோன ராடின் திருகு நட்டைக் கழற்றுவது எனக்கே அரை நாள் வேலை.

வாங்கும்போதே இந்த ராடைச் சோதிக்கச் சொல்லுங்கள். ராட் திரும்பாத கிட்டார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மலையில் வசிப்பவர் அதை எடுக்கக்கூடாது. பழைய கிட்டார் வாங்குவோருக்கும் என் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது, ஃபிரெட்டுகளில் இன்னும் எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்பது. தலைப்பகுதியில் இருக்கும் பெயரைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அதை ஒட்டிவிடுவது எளிது.

விரல்பலகை மரத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நம் கூடலூர்க் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான் உலகெங்கும் கிட்டார் விரல்பலகைகளுக்குப் போகும் இந்திய ரோஸ்வுட். 2017ஆம் ஆண்டு அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, நடுத்தர விலைக் கிட்டார்கள் பலவற்றில் 'இந்தியன் லாரல்' என்ற பெயரில் வேறொரு மரம் வரத் தொடங்கியது. அது வேறொன்றும் இல்லை, நம் கருமருதுதான். 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் பல மாடல்களில் அதுவே தொடர்கிறது. நிறம் சற்று வெளுத்திருக்கிறது என்பதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. நன்கு உலர்ந்த கருமருது, பச்சை வாடை போகாத ஈட்டியைவிட மேலானது.

மின்சாரம் பற்றிச் சொல்வதற்கு நகைச்சுவையே வராது. பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் உடலில் கம்பிகள் அமரும் பிரிட்ஜ் வழியாக, அவை ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் கருவியின்) எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதாவது வாசிப்பவரின் கை எப்போதும் அந்த எர்த்தைத் தொட்டபடியே இருக்கிறது. ஆம்புக்கு ஒரு பிளக்கும் மைக்குக்கு எங்கோ வேறொரு பிளக்குமாக இருந்து, அவற்றில் ஒன்றின் எர்த் பழுதாகியிருந்தால், பாடகரின் உதடு மைக்கைத் தொடும் நொடியில் அவர் உடலே இணைப்புக் கம்பியாகிவிடுகிறது. ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஒத்திகையின்போது கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தவர் உதறித் தள்ளப்பட்டதை நான் நேரில் பார்த்தேன். போய்ப் பார்த்தால், ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள் வெட்டப்பட்டிருந்தது. பழைய இரண்டு துளை சாக்கெட்டில் நுழைய வேண்டும் என்பதற்காக யாரோ செய்த காரியம். பாறை மண்ணில் தோண்டிய எர்த் குழி கோடையில் காய்ந்துபோவது மலையில் வழக்கம். 14,000 ரூபாய்ப் பிக்கப்புக்கு முன்னால் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

'உம்ம்' என்ற இரைச்சலைக் குறித்து வரும் புகார்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாருக்குள் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். தொட்டதும் கூடினால் எர்த் இணைப்பில் எங்கோ கோளாறு, ஆம்பை அணைத்துவிட்டு உடனே காட்டுங்கள். மழைக்காலத்தில் மின்தடை நேரங்களில் மட்டும் கரகரப்பு வந்தால், வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையா என்று பாருங்கள். அப்போது எந்தப் பிக்கப் மாற்றினாலும் பணம்தான் வீண்.

இவ்வளவையும் கடந்த பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால், பிக்கப்பை மாற்றலாம். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி. மேலே அதிரும் எஃகுக் கம்பி அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். 1955இல் கிப்சனின் சேத் லவர் எதிரெதிர்த் திசையில் இரு சுருள்களை இணைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வைத்தார், அதுவே ஹம்பக்கர். ஆனால் புதிதாக வாங்கும் முன் இருக்கும் பிக்கப்பின் இரு பக்கத் திருகுகளையும் திருப்பி உயரத்தை மாற்றிப் பாருங்கள். மிக அருகில் வைத்தால் காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃபிரெட்டுகளில் சுருதியைக் கலைக்கும். ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே சிலருக்கு வேண்டிய ஒலி செலவில்லாமல் வந்துவிடுகிறது. ஒற்றைச் சுருளை எடுத்துவிட்டு ஹம்பக்கர் போடுபவர்கள் 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலை 500 கிலோ ஓமாக மாற்ற மறந்து, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதாகக் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. உண்மையில், கையில் இருக்கும் பணம் பெரிது என்றால் பிக்கப்பைவிட ஆம்பை மாற்றுவதில்தான் வித்தியாசம் காதில் விழும்.

உதிரிபாகங்களை இணையத்தில் வாங்குவோர் அளவை எடுக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். சில அங்குல அளவிலும் சில மில்லிமீட்டர் அளவிலும் வருவதால், முறுக்காணியின் துளையும் வால்யூம் கன்ட்ரோலின் தண்டும் மயிரிழையில் பொருந்தாமல் போகும். துளையைப் பெரிதாக்கிய பிறகு பழையபடி விற்கவும் முடியாது. மழைக்காலத்தில் துருப்பிடிப்பதால் பூச்சுப் பூசிய கம்பிகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இங்கே நியாயமான செலவு. கம்பிகளின் இழுவைக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவைக்கும் நடுவே சமநிலையில் நிற்கும் மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜை மட்டும், முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் மலைவாசிக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. நெக் அசையும்போதெல்லாம் ஆறு கம்பிகளின் சமநிலையையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து கல்லாறு வழியாக ஏறிவரும் பெட்டியை வந்தவுடன் பிரிக்காமல் ஓர் இரவு அறையிலேயே வைத்திருங்கள். ஊட்டியின் குளிரிலிருந்து கீழே கொண்டுபோகும்போதும் அப்படியே. குளிர்ந்த உலோகத்தின் மேல் சமவெளிக் காற்றின் ஈரம் படிந்து துருவுக்கு வழிசெய்யும். கணப்பின் பக்கத்திலோ ரூம் ஹீட்டரின் முன்னாலோ கிட்டாரைச் சாத்தி வைக்காதீர்கள்.

பட்டறைக்குக் கொண்டுவரும்போது கம்பிகளைக் கழற்றிவிட வேண்டாம். வழக்கமாக வாசிக்கும் சுருதியில், வழக்கமாக மாட்டும் கேஜிலேயே கொண்டுவாருங்கள். கம்பியில்லாத நெக்கைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.