வியர்க்காத உடலும் பினாங்கு வெக்கையும்

வெயில் கொளுத்தும் நாளில் முதியோர் இல்லத்துக்குப் போய், அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வியர்க்கவே இல்லை, சௌகரியமாகத்தான் இருக்கிறார்" என்று நிம்மதியோடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. எனக்கு அந்த நிம்மதிதான் அச்சம் தருகிறது. எண்பது வயதில், இந்த வெக்கையில், தோல் காய்ந்திருக்கிறது என்றால் உடல் தன்னைக் குளிர்விக்கும் வேலையில் தளர்ந்துவிட்டது என்றும் பொருள்படலாம்.

சும்மா படுத்திருக்கும் உடல்கூட ஏறத்தாழ 80 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் வெப்பம் தானே தோலைவிட்டு இறங்கிவிடும். பினாங்கின் பிற்பகலிலோ காற்று 33 டிகிரி, தோல் 35 டிகிரி. இந்த இரண்டு டிகிரி வேறுபாட்டில் வெப்பம் தானாக அதிகம் இறங்காது. பெரும்பாலும் வியர்வையைத்தான் நம்ப வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அப்படியானால் அந்த 80 வாட்டையும் போக்க மணிக்கு ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் ஆவியாக வேண்டும். சொட்டி விழுவது கணக்கில் சேராது. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். கடலோர ஊர்களில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததும் இதனால்தான்.

முதுமை இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன. உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவரும் இரத்த ஓட்டம் குறைகிறது. தாகம் மங்குகிறது, சிறுநீரகத்தால் முன்போல் நீரைச் சேமிக்க முடிவதில்லை. வெப்பத்தை உணரும் கூர்மையும் மழுங்குவதால், அந்த 33 டிகிரியிலும் தாத்தா "விசிறியை நிறுத்தம்மா" என்பார். அவர் சொல்லை மட்டும் நம்பாமல், அறையில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி ஒன்றை மாட்டிவைக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மருந்துகள் வியர்வையையே அடக்கும். நீர்மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும். அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

உடல் தராத வியர்வையை நாம் வெளியிலிருந்து தரலாம். முகம், கழுத்து, கை, கால்களை ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய ஈரம் தோலில் தங்கும்படி விட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினால் போதும். குழாய்த் தண்ணீரே போதுமானது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டித் தேங்கிய ஈரக்காற்றை விலக்கி, அடுத்த துளி ஆவியாக இடம் தருகிறது. காற்று 35 டிகிரியைத் தாண்டினால் வெறும் விசிறி வெப்பத்தைத் தோலில் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால், அப்போது ஈரம் இன்னும் அவசியம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பையும் மறக்கக் கூடாது: முதுகின் வியர்வை அங்கே ஆவியாக வழியே இல்லை. மேலே பருத்தித் துணி விரித்து, அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

தண்ணீரை, தாகமா என்று கேட்காமலே, மணிக்கொரு முறை சிறிது சிறிதாகத் தரலாம்; கஞ்சி, சூப், தர்பூசணியும் நீர்தான். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இங்கே பல இல்லங்கள் தொடர்வீடுகளில் நடக்கின்றன. பகலெல்லாம் வெயிலை வாங்கிய சுவர் இரவில் அதைத் திருப்பித் தருவதால் உடலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அதன் பிறகு அங்குள்ள முதியோர் இல்லங்களில் குளிரூட்டிய அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். எல்லா அறைக்கும் ஏர்கோன் போட முடியாத இல்லமும் ஒரு கூடத்துக்குப் போடலாம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அங்கே இருந்தாலே உடல் சற்று மீளும்.

திடீர் உளறல், எழுப்ப முடியாத தூக்கம், கொதிக்கும் உடம்பு ஆகியவற்றைக் கண்டால் காய்ச்சல் என்று பாராசிட்டமோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலில் மூளையே உடல் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. வெப்பத் தாக்கத்தில் மூளை எதையும் உயர்த்தவில்லை. வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறுகிறது. உடனே 999ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.