நிலக்கடலை ஏன் காறிப்போகிறது?

நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். கடலைக்கு ருசியைத் தரும் அந்த எண்ணெயே அது கெடுவதற்கும் காரணமாகிறது. அதிலுள்ள லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறில் கார்பன் அணுக்களுக்கிடையே இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றுக்கு நடுவிலுள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடுவதால், காற்றின் ஆக்சிஜன் புகுந்து பெராக்சைடுகளை உண்டாக்குகிறது; அவை சிதையும்போது பிறக்கும் ஹெக்சனல் போன்ற ஆல்டிஹைடுகளே பழைய கடலையின் காறல் வாடைக்குக் காரணம். ஒரேயொரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் என்னும் மற்றொரு கொழுப்பு அமிலம் இவ்வினைக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை என்பதால், அந்த அமிலம் மிகுந்த ரகங்கள் நெடுநாள் தாங்குகின்றன.

முழுப் பருப்பில் எண்ணெய் நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய உறைக்குள் அடங்கியிருக்கிறது. உடைத்தாலோ வறுத்தாலோ அந்த உறைகள் சிதைந்து எண்ணெய் காற்றுக்கு வெளிப்பட்டுவிடும். எனவே கடலையைப் பச்சையாகவே, முடிந்தால் ஓட்டோடு, காற்றுப் புகாத கலத்தில் குளிர்ச்சியாக வைத்திருந்து, தேவையான அளவு மட்டும் அவ்வப்போது வறுத்துக்கொள்வதே நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கலத்தை, அது அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த பருப்பின்மீது காற்றின் ஈரம் நீராகப் படியும்.

காறலைவிட எனக்குக் கவலை தருவது இந்த ஈரம்தான். ஈரம் ஏறிய பருப்பில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து, கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல அஃப்ளடாக்சினைச் சுரக்கக்கூடும். 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவற்றின் தீவனத்தில் சேர்ந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சைக் கண்டறிந்தார்கள். வீட்டு அடுப்பில் வேகவைத்தாலும் வறுத்தாலும் இது முழுமையாக அழிவதில்லை. ஆகவே வாங்கும்போதே சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். சில பருப்புகளை இரண்டாகப் பிளந்து பார்ப்பதும் அவசியம், ஏனெனில் வெளித்தோல் பளபளப்பாக இருந்தாலும் இரு பிளவுகளுக்கிடையே பூஞ்சை ஒளிந்திருக்கலாம். கசக்கும் பருப்பை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

நல்ல பருப்பை வறுக்கும்போது அதன் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெய்யார்டு வினையில் இணைந்து, வறுத்த கடலைக்கே உரிய மணத்தைத் தரும் பைரசின்களை உண்டாக்குகின்றன. தீ மிகுந்தால் உள்ளே ஈரம் இருக்கும்போதே மேற்புறம் கருகிவிடும் என்பதால், மிதமான தீயில் விடாமல் கிளறி வறுக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் பருப்பினுள் தங்கிய வெப்பத்தால் இவ்வினை தொடர்வதால், விரும்பிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கி, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும்.