எல்.எம்.ஜி.யா, எம்.எம்.ஜி.யா? முதலில் துப்பாக்கியின் காலைப் பாருங்கள்

"பொருத்துக: 5.56 மி.மீ. – இலகுரகம், 7.62 மி.மீ. – நடுத்தரம், 12.7 மி.மீ. – கனரகம்." சீருடைப் பணித் தேர்வுக்கான பயிற்சித்தாள் ஒன்றில் மெஷின்கன்களைப் பற்றிய இந்தக் கேள்வி மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது, அதே தப்பான விடைக்குறிப்போடு. காணொளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகளின் தலையிலிருந்து இதைக் கழற்றி எடுக்கவே முதல் வகுப்பு முழுசாகப் போய்விடுகிறது. ஆகவே ஒருமுறை விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

தோட்டாவின் பருமனுக்கும் இலகுரகம் (லைட் மெஷின்கன், எல்.எம்.ஜி.), நடுத்தரம் (மீடியம் மெஷின்கன், எம்.எம்.ஜி.) என்ற பெயர்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ், இந்தியக் காலாட்படையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் (சிறு படைக்குழு) ஒரு பிரென் துப்பாக்கி இருந்தது. சுமார் 10 கிலோ, தலையில் வளைந்த மேகசின் (தோட்டாப் பெட்டி), முன்னால் இரண்டு கால். அது எல்.எம்.ஜி. தனி மெஷின்கன் பட்டாலியன்களிடம் விக்கர்ஸ் இருந்தது. குழலைச் சுற்றி ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர், 250 தோட்டா கோத்த துணி பெல்ட், 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள முக்காலி. அது எம்.எம்.ஜி. இரண்டும் சுட்டது ஒரே .303 தோட்டாவைத்தான்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் இந்திய ராணுவத்துக்காக 880 கோடி ரூபாய்க்கு 16,479 இஸ்ரேலிய நெகேவ் என்.ஜி.7 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் ஆனது. ஒப்பந்தத்தில் அதன் பெயர் எல்.எம்.ஜி.; சுடுவது 7.62×51 (7.62 மி.மீ. பருமன், 51 மி.மீ. நீள உறை). காலாட்படையின் எம்.எம்.ஜி.யான எம்.ஜி. 2ஏ1, பெல்ஜியத்தின் எஃப்.என். மேக் துப்பாக்கியின், கான்பூரில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட வடிவம். அதுவும் 7.62×51தான். விடைக்குறிப்பு எழுதியவர் இதில் எதை எதோடு பொருத்துவார்?

"அப்படியென்றால் பெல்ட் இருந்தால் எம்.எம்.ஜி., மேகசின் இருந்தால் எல்.எம்.ஜி." என்பது அடுத்துக் கிளம்பும் சூத்திரம். 5.56 மினிமி 200 தோட்டா பெல்ட்டில் ஓடுகிறது, அது எல்.எம்.ஜி. சரி, எடையை வைத்துப் பிரிக்கலாமா? மேக் கிட்டத்தட்ட 12 கிலோ. ஏறக்குறைய அதே சக்தியுள்ள தோட்டாவைச் சுடும் ரஷ்யப் பி.கே.எம். ஏழரை கிலோதான். அதையே முக்காலியில் ஏற்றி எம்.எம்.ஜி. வேலை வாங்குகிறார்கள். ஜெர்மானியர்கள் இதை அப்போதே வெளிப்படையாகச் செய்தார்கள். எம்.ஜி. 42ஐ இரண்டு காலில் நிறுத்தினால் இலகு; லாஃபெட் முக்காலியில் பூட்டினால், அதே துப்பாக்கி, அதே 7.92 தோட்டா, பெயர் மட்டும் 'கனரகம்'.

பெயரைத் தீர்மானிப்பது வேலை. அந்த வேலையைச் செய்ய வைப்பது கால். பைபாடில் (இரண்டு கால் தாங்கி) நிற்கும் துப்பாக்கியின் பின்பக்கம் மனிதத் தோளில் இருக்கிறது. தோள் மூச்சு விடும், களைக்கும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் நகரும். பிரிட்டன் மேக்கை எல்.7 என்று பெயரிட்டு இரண்டு விதமாகவும் வைத்துக்கொண்டது. பைபாடில் அதன் பயனுள்ள தூரம் 800 மீட்டர், முக்காலியில் 1,800 மீட்டர். கூடுதலாகக் கிடைத்த ஆயிரம் மீட்டருக்குக் குழலும் தோட்டாவும் காரணமில்லை. துப்பாக்கியைப் பிடித்திருப்பது இப்போது இரும்பு.

தூரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேள்வித்தாளில் கேட்பதில்லை. முக்காலியில் திசைக்கும் ஏற்றத்துக்கும் அளவுக் குறிகள் உண்டு. பகலில் ஒரு பாலத்தையோ கணவாயையோ குறிவைத்து அந்த அளவைக் குறித்துக்கொண்டால், நள்ளிரவில், மூடுபனியில், புகையில், எதிரே எதுவும் தெரியாமலேயே அதே இடத்தைச் சுடலாம். தோளில் வைத்துச் சுடும் எல்.எம்.ஜி.யில் இது நடக்காது. இன்னொன்று: தூரத்தில் தோட்டாக்கள் விழும் பரப்பு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். பக்கம் பக்கமாகப் பரவி வரிசையாக வருகிறவர்களை எதிரிலிருந்து சுட்டால் அந்த நீளம் வீண். பக்கவாட்டிலிருந்து சுட்டால் வரிசை முழுக்க அதற்குள் அடங்கும். எம்.எம்.ஜி.க்கு இடம் தேர்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்த எரிச்சல், "நிமிஷத்துக்கு ஆயிரம் குண்டு". அது துப்பாக்கி தடையில்லாமல் ஓடினால் எவ்வளவு என்ற கணக்கு. யாரும் அப்படி ஒரு நிமிஷம் முழுக்கச் சுடுவதில்லை. மேக்கின் அமெரிக்க வடிவமான எம்240பி இயந்திரக் கணக்குப்படி நிமிஷத்துக்கு 650 முதல் 950 சுடும். ஆனால் தொடர்ந்து சுடும் வேகம் என்று அவர்களின் கையேடு சொல்வது நிமிஷத்துக்கு 100 மட்டும்: 6 முதல் 9 தோட்டா ஒரு பர்ஸ்ட் (ஒரே அழுத்தலில் சுடும் கொத்து), நடுவே நாலைந்து நொடி இடைவெளி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பேரல் (குழல்) மாற்றம். வேகத்தை 200 ஆக்கினால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பேரல். விசையை விடாமல் சுட்டால் நிமிஷத்துக்கு ஒரு பேரல். பிரெனை வேகமாகச் சுட்டாலும் நிமிஷத்துக்கு நாலு மேகசின்தான், சுமார் 120 தோட்டா.

சுமையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணியில் கோத்த 7.62 தோட்டா 100 எண்ணிக்கை ஏறக்குறைய 3 கிலோ. 650 வேகத்தில் அது பத்து நொடிக்குக்கூடத் தாங்காது. நிமிஷத்துக்கு 100 என்றால் பத்து நிமிஷத்துக்கு 30 கிலோ தோட்டா. துப்பாக்கி, முக்காலி, மாற்றுப் பேரல் எல்லாம் தனி. எம்.எம்.ஜி.க்கு ஆட்கள் குழுவாகச் செல்வது இதனால்தான். எல்.எம்.ஜி.காரர் செக்‌ஷனோடு ஓடி, விழுந்து, சின்னச் சின்ன பர்ஸ்டாகச் சுட்டு, மறுபடி எழுந்து ஓட வேண்டியவர். இந்திய ராணுவத்தின் இன்சாஸ் எல்.எம்.ஜி.க்கு 30 தோட்டா மேகசின் என்பதால் நீண்ட நேரத் தொடர்சூடு அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சினிமாவில் இடுப்பில் வைத்து பெல்ட் முடியும்வரை சுடுகிறவரை ரசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

(பிரெனைப் பற்றி இன்னொரு செய்தி. மேகசின் தலைமேல் நிற்பதால் குறிபார்க்கும் பாகம் இடப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டது. இடது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு அது உதவாது. 30 தோட்டா கொள்ளும் மேகசினில் 28தான் போடுவார்கள். தப்பான வரிசையில் அடுக்கினால் .303 தோட்டாக்களின் விளிம்பு ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அப்போது எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் நிற்கும்.)

12.7 மி.மீ. கனரகம் என்பது மட்டும் இன்றைய வழக்குக்குப் பொருந்தும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் என்.எஸ்.வி. அந்த வகை. அது காலாட்படைவீரர் தூக்கிக்கொண்டு ஓடும் சாமான் இல்லை.

இனி, என்.சி.சி. பிள்ளைகளும் ராணுவக் கண்காட்சிக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களும் கவனிக்க வேண்டியவை.

ரைஃபிளில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புக் கட்டை) பின்னால் நின்றால் ஆபத்தில்லை என்று பழகியவர்கள் இங்கே அதே கண்ணோடு பார்க்காதீர்கள். பிரென், மேக், மினிமி எல்லாம் திறந்த போல்ட் வகை. போல்ட் பின்னால் நிற்கிறதென்றால் துப்பாக்கி சுடத் தயாராக இருக்கிறது. விசையைத் தொட்டால் அது முன்னே பாய்ந்து வழியிலிருக்கும் தோட்டாவை இழுத்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிடும். தோட்டாவே இல்லாவிட்டாலும் அந்த வேகத்தில் வரும் இரும்பு விரலை நசுக்கப் போதும். காலி உறை வெளியேறும் சந்தில் குழந்தை விரலை நுழைத்துப் பார்க்கும். தயவுசெய்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேக்கைக் காலி செய்யும் வரிசை மாறக்கூடாது. காக்கிங் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து சேஃப்டி போடு, கைப்பிடியை முன்னே தள்ளு, கவரை (மேல்மூடி) தூக்கு, பெல்ட்டை எடு, ஃபீட் ட்ரேயை (பெல்ட் கிடக்கும் தட்டு) தூக்கிச் சேம்பரை (தோட்டா அமரும் அறை) கண்ணால் பார். அதன்பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தபடி போல்ட்டை மெல்ல முன்னே விடுவது. "பெல்ட்டை எடுத்தாச்சே" என்று பார்க்காமல் விசையைத் தட்டுகிற அவசரக்காரர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பேரல் மாட்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எம்240பியில் கைப்பிடியைத் திருப்பிப் பூட்டும்போது 2 முதல் 7 'கிளிக்' கேட்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் சுடக்கூடாது, ஆர்மரரிடம் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) போகட்டும். சூடான பேரலை வெறுங்கையால் தொடுவது, சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவது, இரண்டையும் இன்னும் செய்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை. இரண்டு நிமிஷத்துக்குள் 200 சுட்ட பேரலில் தோட்டா சிக்கினால், அது சூட்டிலேயே தானாக வெடிக்கலாம். உடனே கவரைத் திறந்து முகத்தை நீட்டாதீர்கள்.

விசையை விட்டபிறகும் துப்பாக்கி தானாக ஓடுவது உண்டு. தேய்ந்த சியரோ (போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கொக்கி), கரி படிந்து வாயு குறைந்ததோ காரணமாக இருக்கும்; சுத்தம் செய்யச் சொன்னபோது செய்யாததன் பலன். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: துப்பாக்கியின் வாய் இலக்கைவிட்டுத் திரும்பாமல் பிடி, பெல்ட்டை முறுக்கி உடை. பயத்தில் திரும்பிப் பார்த்தால் துப்பாக்கியும் கூடவே திரும்பும்.

காது. 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் ஒரே அடியில் கேட்கும் திறனைக் கெடுக்கும், 7.62 மெஷின்கன் அருகே 150ஐத் தாண்டும். சுடுகிறவர் அடைப்பான் போட்டிருப்பார், பக்கத்தில் பெல்ட் பிடிக்கிற நம்பர் டூ பஞ்சைத் திணித்துக்கொண்டு படுத்திருப்பார். பஞ்சு போதாது தம்பி. முறையான அடைப்பான் கேட்டு வாங்கு, தராவிட்டால் ரேஞ்சில் படுக்காதே.