அழைப்பு வழிப்படுத்தல்: திருப்புவது யார், எங்கிருந்து?

"உங்கள் அழைப்பு எமது சேவைப் பிரதிநிதிக்குத் திசைதிருப்பப்படுகிறது." வாடிக்கையாளர் சேவை எண் ஒன்றில் காத்திருந்தபோது இந்தப் பதிவுக் குரலை ஆறேழு தடவை கேட்டேன். நான் எண்ணை அழுத்தியதே அந்தப் பிரதிநிதியிடம் பேசத்தான். அப்புறம் எங்கிருந்து எங்கே என்னைத் திருப்புகிறார்கள்?

வரும் அழைப்பை உரியவரிடம் கொண்டுசேர்க்கும் 'கால் ரூட்டிங்' என்பதன் தமிழாக்கமாம் இது. 'ரூட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம் லத்தீனின் 'ருப்தா', அதாவது வெட்டித் திறந்த பாதை. திருப்பம் என்ற பொருளே அதில் இல்லை.

அழைப்பு மையத்துக்குள் ஓர் அழைப்பு வந்து விழும்போது அது யாரிடம் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்காது. எந்த எண்ணுக்கு அழைத்தீர்கள், எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்கள், மொழிக்கும் தேவைக்கும் எந்த எண்களை அழுத்தினீர்கள் என்று மென்பொருள் பார்க்கிறது. அந்த வேலை தெரிந்த முகவர்களில், அதாவது அழைப்பை எடுத்துப் பேசும் பிரதிநிதிகளில், யார் கை ஓய்ந்திருக்கிறார், பலர் இருந்தால் அதிக நேரமாக ஓய்ந்திருப்பவர் யார் என்று தேடுகிறது. ஒருவரும் இல்லையென்றால் வரிசையில் நிறுத்துகிறது. வரிசை நீண்டால் வேறு குழுவுக்கு அனுப்புவதும் உண்டு.

இதைப் போய்த் திசைதிருப்பல் என்றால் எப்படி? 'கவனத்தைத் திசைதிருப்பினார்', 'விசாரணையைத் திசைதிருப்ப முயற்சி' என்றுதான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் செய்வது அது. இணையத் தரவை உரிய வழியில் அனுப்பும் ரவுட்டருக்குத் 'திசைவி' என்று பழகிவிட்டதே என்பார்கள். சரி, இருக்கட்டும்; திசைவியில் 'திருப்பு' எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய சிக்கல், 'கால் டைவர்ட்' என்று தனியாக ஒரு வசதி இருப்பது. ஓர் எண்ணை எடுக்காவிட்டால், அல்லது லைன் பிசியாக இருந்தால், அழைப்பை வேறோர் எண்ணுக்கு மாற்றிவிடுவது அது. திசைதிருப்பல் அதற்குக் கச்சிதமான சொல். அதை ரூட்டிங்குக்குக் கொடுத்துவிட்டால் டைவர்ட்டுக்கு எதை வைப்பது? ஒரு பயிற்சிக் கையேட்டில், "திசைதிருப்பல் விதியை மாற்றியபின் திசைதிருப்பலை நிறுத்தவும்" என்று படித்தேன். முதல் திசைதிருப்பல் ரூட்டிங், இரண்டாவது டைவர்ட். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதை வைத்து எந்தப் பொத்தானை அழுத்துவார்? சொல்லுக்குச் சொல் போட்டுவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், தாங்கள் எழுதிய வாக்கியத்தை ஒருமுறை திரையோடு வைத்துப் பார்த்தால் இது நடக்காது.

'அழைப்பு விநியோகம்' என்பாரும் உண்டு. அது முகவர்களுக்குப் பங்கிடும் கடைசிப் படியை மட்டும் குறிக்கும்.

'ஆற்றுப்படுத்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றவர், பெறப்போகிறவருக்கு உரிய வள்ளலிடம் வழிகாட்டுவது ஆற்றுப்படை. ரூட்டிங்கும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இன்று அந்தச் சொல் உளவியல் ஆலோசனைக்குப் போய்விட்டது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

மிஞ்சுவது 'வழிப்படுத்தல்'. உரிய வழியில் சேர்ப்பது என்ற பொருள் படித்தவுடனே புரிகிறது. ப் விடுபடக் கூடாது; விட்டால் 'வழிபடுதல்' பக்கம் போய்விடும். வழிப்படுத்தல் விதி, திறன்சார் வழிப்படுத்தல் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. பதிவுக் குரலுக்கோ இந்தக் கலைச்சொல்லே வேண்டாம்: "உங்கள் அழைப்பை உரிய பிரிவுடன் இணைக்கிறோம், காத்திருங்கள்."