சாக்ஸ் குதிகாலில் எப்படித் திரும்புகிறது?

புதிதாகப் பின்னல் ஊசி பிடிப்பவர்கள் பலர் மஃப்ளரோடு நின்றுவிடுகிறார்கள். சாக்ஸ் என்றால் பயம், அதுவும் குதிகாலை நினைத்துத்தான். கணுக்காலிலிருந்து நேராக இறங்கும் ஒரு குழாய், வெட்டும் தையலும் இல்லாமல் பாதத்தை நோக்கி எப்படித் திரும்புகிறது? இதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் பயம் தானாகப் போய்விடும்.

முதலில் துணியைப் பார்ப்போம். நெய்த துணியில் பாவும் ஊடும் நேராக ஓடுவதால் இழுத்தாலும் அதிகம் நீளாது. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் நூல் நீள்வதில்லை. கண்ணி உயரத்தில் குறைந்து அகலத்தில் கூடுகிறது. விட்டால் பழையபடி சுருங்குகிறது. அதனால்தான் சாக்ஸைப் பாதத்தின் சுற்றளவைவிடச் சுமார் 10 சதவீதம் சிறிதாகப் பின்னவேண்டும். சரியான அளவுக்கே பின்னினால் நழுவி இறங்கிவிடும்.

நிட், பர்ல் என்பவை ஒரே கண்ணியின் முன்முகமும் பின்முகமும்தான். 2 நிட், 2 பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னும்போது நிட் வரிகள் முன்னே தள்ள, பர்ல் வரிகள் பின்னே ஒதுங்கும். துணி விசிறிபோல மடிந்து நிற்கும். மேல் விளிம்பு காலை இறுக்கிப் பிடிப்பது இந்த மடிப்பால்தான்.

மெல்லிய சாக்ஸ் நூலும் 2.5 மி.மீ. ஊசிகளும் என்றால் 64 கண்ணிகள் வழக்கமான கணக்கு. முதல்முறை பின்னுகிறவர்கள் கொஞ்சம் தடித்த நூலில் 48 கண்ணிகளோடு தொடங்குவது நல்லது என்பேன். கண்ணி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். எதுவானாலும் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் 64 கண்ணிகள் 20 செ.மீ. சுற்றளவு தரும். கை தளர்ந்து 30 கண்ணிதான் வந்தால் அதுவே 21.3 செ.மீ. ஆகிவிடும்.

இனி குதிகால். 64இல் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற 32 கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்னவேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சதுர மடல் தொங்கும். இதில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே மற்ற ஊசிக்கு மாற்றினால், நூல் அதன் பின்னால் ஓடித் துணியைத் தடிப்பாக்கும். செருப்பும் ஷூவும் உரசித் தேய்கிற இடத்துக்கு இந்தத் தடிப்பு வேண்டும்.

அப்புறம்தான் திருப்பம். வரிசையை முடிக்காமலே பாதியில் திரும்பவேண்டும். 18 கண்ணிகளைக் கடந்து, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னித் திருப்புங்கள். 11 கண்ணிகள் தொடப்படாமல் காத்திருக்கும். மறுபக்கம் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசிக்கு மாற்றி, 5 பின்னி, இரண்டைச் சேர்த்து, ஒன்று பின்னித் திருப்பினால் அங்கேயும் 11 காத்திருக்கும். திரும்பிய இடத்தில் ஒரு சிறு இடைவெளி தெரியும். தப்பு செய்துவிட்டோமோ என்று பிரித்துவிடாதீர்கள். அடுத்த வரிசையில் அந்த இடைவெளியின் இருபுறமும் உள்ள கண்ணிகளைச் சேர்த்துத்தான் மூடப்போகிறோம்.

இப்படிப் போகப் போக நடுவில் வரிசைகள் அதிகமும் ஓரங்களில் குறைவுமாக ஆகின்றன. நடுவில் கூடுதலாக உள்ள துணியால் தட்டையாகக் கிடக்க முடியாது. அது புடைத்துக் கிண்ணமாகிறது. குதிகால் உட்காரும் கிண்ணம் அதுதான். முடிவில் 32 கண்ணிகள் 18 ஆகியிருக்கும். மடலின் இரு ஓரங்களிலும் தலா 16 கண்ணிகள் எடுத்து, காத்திருந்த 32ஐயும் சேர்த்தால் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டு இரண்டாக 9 முறை குறைத்தால் மீண்டும் 64. குழாய் திரும்பிவிட்டது.

1589இல் வில்லியம் லீ உருவாக்கிய காலுறை இயந்திரத்தில் துணி தட்டையாகத்தான் வந்தது; பிறகு அதை மூட்டித் தைக்கவேண்டியிருந்தது. கைப்பின்னலில் தையலே இல்லை, விரல் நுனியில்கூட. 16 கண்ணிகள் மிஞ்சும்வரை குறைத்து, எட்டு எட்டாக எதிரெதிரே வைத்து, இன்னொரு வரிசை பின்னியிருந்தால் நூல் எந்த வழியில் போயிருக்குமோ அதே வழியில் மழுங்கிய ஊசியால் நூலை ஓட்டி மூடிவிடலாம்.