டைம்கோடை மாற்றும் முன்: ஃப்ரேம் மாறவில்லையா, ஓட்டநேரம் மாறவில்லையா?

சப்டைட்டில் பட்டியலையோ மியூசிக் கியூ ஷீட்டையோ (எந்த இசை எங்கே வருகிறது என்ற பட்டியல்) அனுப்பி, "இதை 23.976-லிருந்து 25-க்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள், அதற்கு ஒரே விடைதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்கள், அதாவது தனிப்படங்கள், ஓடுகின்றன என்பதே இந்த எண்கள்.) இரண்டு விடைகள் உண்டு. இரண்டுமே சரியான கணக்குதான். எது வேண்டும் என்பது வீடியோவை என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்காமல் கன்வெர்ட்டரைத் திறந்தால், ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸ் முடிந்த பிறகு உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று வந்து நிற்கும்.

கணக்காகவே பார்ப்போம். டைம்கோடு என்பது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மணி:நிமிடம்:விநாடி:ஃப்ரேம் என்று இடும் எண்; 23.976-லும் அது விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றே எண்ணும். 23.976 படத்தில் 00:10:00:00-ல் ஒரு வசனம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் 14,400 ஃப்ரேம்கள் ஓடியிருக்கின்றன. டைம்கோடு நமக்குச் சொல்வது அவ்வளவுதான். உண்மையான வேகம் 24,000/1001 என்பதால், அப்போது கடிகாரத்தில் 600.6 விநாடி ஆகியிருக்கும்.

இனி 25. அதே ஃப்ரேம்களை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டியிருந்தால், 14,400-ஐ 25-ஆல் வகுக்க 576 விநாடி. வசனம் 00:09:36:00-ல் வரும். ஓட்டநேரத்தைக் காப்பாற்றி, ஃப்ரேம்களைப் புதிதாக உருவாக்கியிருந்தால், 600.6 × 25 = 15,015 ஃப்ரேம்; வசனம் 00:10:00:15-ல் வரும். இரண்டுக்கும் 24 விநாடிக்கு மேல் வித்தியாசம்! எது நடந்தது என்று அறிய இரண்டு ஃபைல்களின் ஓட்டநேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். புதியது சுமார் 4 சதவீதம் குறைவாக இருந்தால், வேகம் கூட்டப்பட்டிருக்கிறது.

படத்தின் டைம்கோடு 01:00:00:00-ல் தொடங்கினால் அந்த ஒரு மணியைக் கழித்துவிட்டு மாற்றி, பிறகு கூட்ட வேண்டும். கழிக்காமல் 01:10:00:00-ஐ அப்படியே வேகக் கணக்கில் போட்டால் 01:07:12:00 வரும். வர வேண்டியது 01:09:36:00. இந்தப் பிழை முதல் வரியிலேயே பல்லிளித்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

மறைந்திருந்து கெடுப்பது 24-க்கும் 23.976-க்கும் உள்ள குழப்பம். ஆயிரத்தில் ஒரு பங்குதான். முதல் நிமிடத்தில் 60 மில்லிவிநாடி, ஒன்றரை ஃப்ரேம் கூட இருக்காது. ஒரு மணி நேரத்தில் அதுவே 3.6 விநாடி. ஒரு ஆவணப்படத்தின் சப்டைட்டில் ஃபைல் 24 கணக்கில் வந்தது, வீடியோவோ 23.976. தொடக்கம் கச்சிதம். 40-ஆவது நிமிடத்தில் பேசுபவர் வாய் திறப்பதற்கு 2.4 விநாடி முன்பே வரி வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய யாரோ மொத்தப் பட்டியலையும் ஒரு விநாடி தள்ளிவைத்தார்கள். அதனால் நன்றாக இருந்த தொடக்கமும் கெட்டது. எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால் தள்ளிவைக்கலாம். போகப்போக விலகல் வளர்ந்தால் வேகம்தான் தப்பு, தள்ளி வைத்துப் பயனில்லை. தொடக்கத்தில் ஒரு வசனம், கடைசியில் ஒரு வசனம் என்று இரண்டையும் பார்க்காமல் எந்தப் பட்டியலுக்கும் ஓகே சொல்லாதீர்கள்.

29.97-க்குப் போனால் ட்ராப் ஃப்ரேம் விவகாரம். 1953-ல் அமெரிக்காவில் கலர் தொலைக்காட்சிக்காக 30-ஐச் சற்றே குறைத்ததிலிருந்து வந்த வினை இது. பெயரைக் கேட்டு ஃப்ரேமை வெட்டுகிறார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள்; ஒரு ஃப்ரேமும் போவதில்லை, டைம்கோடு கடிகாரத்தோடு ஒத்துப்போக எண்கள்தான் தாண்டப்படுகின்றன. ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்கள் விடுபடும், பத்தின் மடங்கான நிமிடங்களைத் தவிர. 00:00:59;29-க்கு அடுத்தது 00:01:00;02. ட்ராப் ஃப்ரேம் என்று சொல்லி வந்த பட்டியலில் 00:01:00;00 இருந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள், அப்படி ஓர் எண்ணே கிடையாது. நமது பத்தாவது நிமிட வசனம், ஓட்டநேரம் மாறாமல், நான்-ட்ராப்பில் (எண் எதையும் தாண்டாத முறை) 00:10:00:00-ஆகவே இருக்கும்; ட்ராப்பில் 00:10:00;18 ஆகும்.

எக்செலில் கணக்குப் போடுபவர்களுக்கு ஒன்று. சாஃப்ட்வேர் திரையில் 23.98 என்று சுருக்கிக் காட்டுவதை ஃபார்முலாவில் போட்டால் மணிக்கு 14 ஃப்ரேம் பிசகும். 24000/1001 என்றே எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் படத் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, கடைசியில் மட்டும் முழு எண்ணாக்குங்கள். வரிக்கு வரி முழுமையாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் பிழையும் கூடிக்கொண்டே போகும்.

வேகம் குறிப்பிடாத பட்டியல் வந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை மேய்ந்து பாருங்கள். 24 தென்பட்டால் அது 24 வேகப் பட்டியலாக இருக்க முடியாது, அங்கே 23-தான் உச்சம். 25-லிருந்து 29 வரை ஏதாவது இருந்தால் 30 குடும்பம் (29.97 அல்லது 30). 23-ஐத் தாண்டவில்லை என்பதற்காக மட்டும் 24 என்று முடிவு கட்ட வேண்டாம், பட்டியல் சிறியதாக இருக்கலாம். 23.976-ஆ 24-ஆ என்பதை எண்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு டைம்கோடு பதிந்த வீடியோவையே கேட்டு வாங்குங்கள்.