ஆறு லேப்டொப்பில் இருந்தாலும் அது பேக்கப் ஆகாது

வெள்ளவத்தையில் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நாங்கள் ஆறு பேர், கிட் பயன்படுத்துகிறோம். ஆறு பேரின் லேப்டொப்பிலும் கோட் முழுக்க இருக்கிறது. பிறகு எதற்கு அண்ணா தனியாக பேக்கப்?"

நியாயமான கேள்வி. கிட் என்பது கோட்டில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இதில், குளோன் செய்பவருக்கு, அதாவது பிரதி எடுப்பவருக்கு, கோப்புகளோடு அவற்றின் பழைய வரலாறும் சேர்ந்தே வரும். சேர்வர் போனாலும் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். சரி, கையில் இருக்கும் பிரதி பழுதில்லாதது என்று எப்படித் தெரியும்? கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஷா-1 என்ற கணக்கீட்டுக்குள் செலுத்தி, 40 எழுத்து நீளமான ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முழுவதும் வேறாகிவிடும். கோப்புகளின் பெயர்களும் அடையாளங்களும் சேர்ந்ததுதான் ஒரு கோப்புறையின் பட்டியல். அந்தப் பட்டியலுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அப்புறம் கமிட், அதாவது ஒரு கட்டத்தில் கோட் இருந்த நிலையைச் சேமிக்கும் பதிவு. அதற்குள் பட்டியலின் அடையாளம், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு எல்லாம் இருக்கும். கூடவே முந்தைய கமிட்டின் அடையாளமும் இருக்கும். அந்த முந்தையதற்குள் அதற்கு முந்தையது.

ஆகவே மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றில் ஒரேயொரு பிட் கெட்டாலும், திரும்பக் கணக்கிடும்போது அங்கிருந்து இன்றைய கமிட் வரை எதுவும் பொருந்தாது. இன்றைய கமிட்டின் 40 எழுத்துகளை மட்டும் நீங்கள் பத்திரமாக வைத்திருந்தால் போதும், அதற்குப் பின்னால் உள்ள வரலாறு முழுவதையும் சோதித்துவிடலாம். எத்தனை ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் இது மாறாது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் பிரதி சரியா பிழையா என்று சொல்வதோடு இதன் வேலை முடிந்தது. அழிந்ததை இது திருப்பித் தராது. மூலத்தின் பிரதியைத் தானாகப் புதுப்பித்து வைக்கும் மிரர் சேர்வர்கள் அதை அப்படியே பின்பற்றும். மூலத்தில் ஒரு கிளை (கோட்டின் தனி வளர்ச்சிப் பாதை) அழிந்தால் அங்கேயும் அழியும். கேடிஇ என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்துக்கு 2013 மார்ச்சில் நடந்தது இதுதான். பிரதான சேர்வரின் கோப்பமைப்பு சிதைந்து, திட்டங்களின் பட்டியலும் கெட்டுப்போனது. கெட்ட பட்டியலை நம்பிய மிரர்கள் தங்களிடம் இருந்த நல்ல பிரதிகளையும் நீக்கத் தொடங்கின. ஏறத்தாழ 1500 ரிப்போக்கள் (கோட் களஞ்சியங்கள்) போகவிருந்தன. அந்தச் சுற்றில் சிக்காத ஒரு சேர்வரில் பிரதி இருந்ததால் தப்பின.

எனவே பேக்கப் என்பது தேதியிட்டு, ஒதுக்கி, மேலெழுதாமல் வைக்கும் பிரதி. `கிட் பண்டில்` (git bundle) கட்டளை ரிப்போ முழுவதையும் ஒரே கோப்பாக்கித் தரும். சாதாரண குளோனில் அல்லாமல் `--மிரர்` (--mirror) குளோனில் அதை ஓடவிடுங்கள், எல்லாக் கிளைகளும் டேக்குகளும் (பதிப்புகளைக் குறிக்கும் பெயர்கள்) சேரும். வாரம் ஒன்று எடுத்து, இணையத்தோடு தொடுப்பில்லாத ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

இந்த "தொடுப்பில்லாத" என்பதை நம் நாட்டில் அழுத்தியே சொல்ல வேண்டும். 2023இல் ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்கியபோது, இலங்கை அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலானவை மீட்க முடியாமல் போயின, ஏனென்றால் ஒன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. புதிய செயலிகளைத் திறந்து வைக்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு பேக்கப்புக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. பிழை அறிக்கைகள், மேர்ஜ் விவாதங்கள் (மாற்றங்களைச் சேர்ப்பது பற்றிய பேச்சுகள்) எல்லாம் கிட்டுக்குள் இருப்பதில்லை, அவை கோட்டை வைத்திருக்கும் இணையத் தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 2017 ஜனவரியில் அப்படியொரு தளமான கிட்லாப் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, கோட் தப்பியது. சுமார் ஆறு மணி நேர விவாதங்கள் போயின. அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை அந்த பண்டிலை வேறொரு கணினியில் விரித்து, `கிட் எஃப்எஸ்சிகே` (git fsck) கொடுங்கள். எல்லா அடையாளங்களையும் அது முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கும்.